சேரா மரத்தைப் பார்த்துவிட்டு வந்த நாலு நாள்

வெள்ளிக்கிழமை, காலை 7.15

தென்காசியில் இறங்கியபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அதை மழை என்று சொல்ல முடியாது. குடை பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார். பிடிக்காவிட்டால் அரை மணியில் சட்டை பிழியும்படி ஆகிவிடும். முந்தைய இரவு திருச்சியில் ஏறி, திருநெல்வேலியில் வண்டி மாறி, ஆலங்குளம் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வந்திருந்தேன். கடைசி வண்டிக்கு டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய். ஜூலை முதல் வாரம் ஆகையால் பேருந்தில் இருந்த எல்லோரும் துண்டும் மாற்றுத்துணியுமாகக் குற்றாலம் போகிறவர்கள். மரம் பார்க்க வந்தவன் நான் ஒருவன்தான்.

பார்க்க வந்தது சேராங்கொட்டை மரத்தை. திருச்சியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் அந்தக் கொட்டையைக் கேட்டபோது கடைக்காரர் இடுக்கியால் எடுத்துக் காட்டினார், கையில் தரவில்லை. கறுப்பாக, தட்டையாக, இதய வடிவில் இருந்தது. அதன் தோலுக்குள் இருக்கும் பால் துணியில் பட்டால் எத்தனை வெளுப்புக்கும் போகாது. சலவைத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் அதை வைத்துத்தான் துணிக்குக் குறி போட்டார்கள். உடம்பில் பட்டால் கொப்புளம். சித்த மருத்துவத்தில் நஞ்சை முறித்துச் சுத்தி செய்து மருந்தாக்குகிறார்கள். மாமரத்துக்கும் முந்திரிக்கும் பங்காளி. இவ்வளவும் சொன்ன கடைக்காரர், மரத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேண்டாம் என்று ஒருவர் முகத்தைத் திருப்பினால் அங்கேதான் போவேன்.

காலை 8.40

காஜா மைதீன் ஸ்கூட்டரில் வந்து ஏற்றிக்கொண்டார். இருபது வருடம் சவூதியில் குளிர்சாதன எந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போது இலத்தூருக்கு அப்பால் மலையடியில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். நண்பரின் நண்பர். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லக்கூடிய மனிதர். வழியெல்லாம் சாரல் ஏன் இந்தப் பக்கம் மட்டும் வருகிறது, மலையில் கணவாய் எங்கே திறக்கிறது, காற்று எப்படி நுழைகிறது என்று விளக்கிக்கொண்டே வந்தார்.

தோப்புக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஸ்கூட்டரை நிறுத்தினார். நான் சேரா மரம் எங்கே என்று கேட்டேன். அவர் கையை லேசாக உயர்த்தி என்னைத் தடுத்தார்.

“இங்கன வச்சு பேரு சொல்லாதீய சார். அன்னா நிக்கிற ஆளுன்னு சொல்லுங்க, போதும்.”

அன்னா நிக்கிற ஆள் தோப்பின் மேற்கு எல்லையில் தனியாக நின்றது. முப்பதடி இருக்கும். பார்க்க ஒன்றும் பயங்கரமாக இல்லை. கிளை நுனிகளில் கொத்தாக, நீளமும் அகலமுமாகத் தடித்த இலைகள். பட்டை சாம்பல் நிறம். அடிமரத்தில் பழைய வெட்டுக் காயம் ஒன்று இருந்தது. அதிலிருந்து வழிந்த பால் காய்ந்து, கண் மை கரைந்து வழிந்ததுபோல் கறுப்புக் கோடுகளாக இறங்கியிருந்தது. கீழே புல் முழங்கால் உயரம். தோப்பெங்கும் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அந்தப் புல்லைத் தொட்டிருக்கவில்லை. இது காய்க்கும் காலமல்ல. தை, மாசியில் வந்தால் ஆரஞ்சு நிறச் சதை மேல் கறுப்புக் கொட்டை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம் என்றார். சதையைச் சுட்டுத் தின்பவர்கள் உண்டாம். கொட்டைதான் ஆளைப் பதம் பார்க்கும்.

காஜா பத்தடி தள்ளியே நின்று, வாய்க்குள் பிஸ்மி சொன்னார். பிறகு மரத்தைப் பார்த்து, அக்கம்பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும் குரலில், “வெளியூர் ஆளு, பாத்துட்டுப் போயிருவாரு, ஒண்ணும் நினைக்காண்டாம்” என்றார். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர் சொன்ன ஒரு சம்பவத்துக்குச் சிரிக்க முடியவில்லை. அவர் வாப்பா காலத்தில் தோப்பு வேலைக்கு வந்த ஒரு வெளியூர்க் குடும்பம், காற்றில் முறிந்த கிளையை எடுத்துப் போய் அடுப்பெரித்துவிட்டது. புகை வீட்டுக்குள் சுற்றியது. இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் வாப்பா போய்த் தட்டினால் ஐந்து பேர் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் வீங்கி, கண் மூடி, எது அப்பன் எது மகன் என்று தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு ஐந்து பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள் என்று வாப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் அந்தக் குடும்பத்தில் யாரும் கண்ணாடி பார்ப்பதில்லை என்று கேள்வி.

அவர் ஆட்டை விரட்டப் போன நேரத்தில் நான் மரத்தடிக்குப் போனேன். புல்லுக்குள், போன பருவத்துக் கொட்டைகள் நாலைந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக் கல்லால் தட்டினேன். காய்ந்து போயிருக்கும் என்று நினைத்தேன். தோலுக்குள்ளிருந்து பழுப்பாக எண்ணெய் கசிந்து கட்டை விரலில் ஒட்டியது. துடைக்கத் துடைக்கக் கறுத்தது. கை எரியவில்லை, அரிக்கவில்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது.

திரும்பி வந்த காஜா என் விரலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“தொட்டுட்டியளா” என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். “சரி. இதுக்கு ஒரு வழி இருக்கு. இதத் தொட்டவன் தான்றியப் போய்த் தொடணும். அதுக்குப் பொறவுதான் இன்னொரு மனுசனத் தொடணும். செங்கோட்டைக்கு அங்கிட்டு மலையாளத்துக்காரங்களும் அதான் சொல்லுவாங்க, இந்த ஆளு கோவிச்சா தான்றிதான் கதின்னு.”

தான்றி மரம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு கால்வாய்க் கரையில் நின்றது. அந்த நேரம் பார்த்துச் சாரல் வலுத்தது. எனக்கு அருவியில் குளிக்க ஆசை. ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வந்த முதுகு. நாளைக்குப் பார்க்கலாம் பாய் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. புறப்படும் முன் டீ வந்தது. கிளாஸை என் கையில் கொடுக்காமல் சுவர் மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். ஸ்கூட்டர் பின்னிருக்கையில் தோளைப் பிடிக்கப் போனபோது, பின்னால் கம்பி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

மாலை 4.00

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். பேரருவிக்குப் போகும் சாலையோரம் எண்ணெய் தேய்ப்பவர்கள் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இசக்கிமுத்துவிடம் போனதற்குக் காரணம் அவர் யாரையும் கூவி அழைக்காததுதான். ஐம்பத்தைந்து வயது, ஒடிசலான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கைகள். எண்ணெயும் தேய்ப்புமாக முந்நூறு ரூபாய்.

அவர் கை முதுகில் இறங்கியதும் நான் பேச்சை விட்டேன். எங்கே நரம்பு பிடித்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன வருடம் சாரல் ஏமாற்றிவிட்டது, இந்த வருடம்தான் தண்ணீர் ஒழுங்காக விழுகிறது என்றார். ஆடி முடிந்து கொஞ்ச நாள் வரைக்கும்தான் இந்தத் தொழில். மற்ற மாதங்களில் கிடைத்த கூலி வேலை. “இந்த ரெண்டு மாசத்த வச்சுத்தான் சார் வருசமே ஓடுது” என்று சொல்லித் தன் கையை ஒருமுறை விரித்து மூடினார். மகளுக்குத் தையில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள்.

தோள், முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி வந்தவர் விரல்களுக்கு வந்தார். ஒவ்வொன்றாக இழுத்துச் சொடக்கு எடுத்தார். கட்டை விரலில் நின்றார்.

“என்ன சார் இது, மையா?”

காஜா சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. இதை எழுதும்போது மறந்துவிட்டேன் என்று போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனாலும் மறக்கவில்லை. மரம் என்று சொன்னால் எழுந்து போய்விடுவார், பாதித் தேய்ப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஒரு மூடநம்பிக்கைக்கு நானே ஆள் சேர்ப்பதா என்ற வீம்பு வேறு.

“பேனா மை” என்றேன்.

எழுதுகிற ஆளா என்று கேட்டு, மரியாதையாக இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு அந்தக் கறையைப் போக்கத் தேய்த்தார். போகவில்லை. மறு கையாலும் தேய்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுகமாக இருந்தது. அன்று அவருக்கு நான்தான் கடைசி ஆள். அதற்குப் பிறகு தண்ணீர் பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ, போலீஸ் குளியலை நிறுத்திவிட்டது.

சனிக்கிழமை

எழுத ஒன்றுமில்லை. கை நன்றாக இருந்தது. ஐந்தருவியில் குளித்தேன், மங்குஸ்தான் வாங்கித் தின்றேன், செங்கோட்டை போகும் சாலையில் கோழிக் குழம்போடு நாலு புரோட்டா. காஜா இரண்டு முறை போனில் அழைத்து, தான்றிக்குப் போகலாமா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை பாய் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உங்களுக்கு ஆகும் என்று நான் சொல்லவே இல்லையே என்றார்.

அந்த வார்த்தை மட்டும் சாயங்காலம் வரை கூடவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.30

இசக்கிமுத்துவின் பலகை காலியாகக் கிடந்தது. எண்ணெய் பாட்டில்கள் மேல் சாக்கு மூடியிருந்தது. எதிர்ப்புற டீக்கடைக்காரம்மாவிடம் விசாரித்தேன். சனிக்கிழமை மத்தியானமே கை அரிக்கிறது என்று எழுந்து போனவர், ராத்திரி தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு வந்தாராம். பின் தெருவில் வீடு காட்டினார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடை மேல் மல்லாத்தி வைத்திருந்தார். அவற்றைக் கைகள் என்று அறிய ஒரு கணம் ஆனது. விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. இடுக்கெல்லாம் நீர் கோத்த கொப்புளங்கள், மணிக்கட்டு வரை சிவப்பு. ஈ உட்கார்ந்ததை விரட்டக்கூட அவரால் முடியவில்லை. அவர் மகள் பக்கத்தில் விசிறியோடு இருந்தாள்.

இரண்டு வாரத்துக்கு எண்ணெயையே தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். ஆறிய பிறகும் பழைய மாதிரி அழுத்த வருமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றாராம். இதைச் சொல்லும்போது மகளை உள்ளே அனுப்பிவிட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“சார், அன்னைக்கு எங்கிட்டாவது மரத்துக்கிட்ட போயிட்டு வந்தியளா?”

போனேன் என்றேன். மை என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து அடுத்தவர் வேட்டிக்குள் விட்டவன் நான். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டினார், கணக்கு நேரானதுபோல.

விளக்கம் எனக்குத் தெரியும். அந்தப் பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சிலரை ஒன்றும் செய்யாது. நான் இரண்டாம் வகை. என் தோலில் சும்மா இருந்தது எண்ணெயில் கரைந்து அவர் கையில் ஏறியிருக்கிறது. கொப்புளம் வர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. இதை அவரிடம் சொல்லவும் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“புண்ண ஆஸ்பத்திரி ஆத்திரும் சார். இது யாருக்கு வந்ததுன்னு ஆஸ்பத்திரி கேக்காதுல்லா? தான்றிதான் கேக்கும். நீங்க ஒருக்க என்கூட வரணும்.”

மாலை 5.15

நான் போனில் சொன்னதும் காஜா ஒரு ஆட்டோ பிடித்து வந்தார். முறை என்ன என்பதை வழியில் அவர்தான் சொன்னார். பாதிக்கப்பட்டவன் தான்றியை ஏழு சுற்றுச் சுற்ற வேண்டும். எவன் மூலம் வந்ததோ அவன் மரத்தைத் தொட்டுக்கொண்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இது எனக்கு வந்தது, இவனை விட்டுவிடு, எனக்கே கொடு. அவ்வளவுதான். தேங்காய் இல்லை, சூடம் இல்லை. சேரா கொடுப்பதோடு சரி, அதற்குக் காது கிடையாது. தான்றிக்குக் காது உண்டு என்றார்.

தான்றியைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும். திரிபலாவில் ஒன்று. வீட்டு மருந்தில் இருக்கும், வீட்டருகில் இருக்காது. அதில் கலி குடியிருக்கிறது என்று பழைய நம்பிக்கை. அதன் கொட்டைகளைத்தான் ஒரு காலத்தில் சூதாட உருட்டினார்கள் என்பார்கள். பருப்பு தித்திப்பாக இருக்கும், ஆனால் பத்துப் பதினைந்து தின்றால் தலை கிறுகிறுக்கும். வண்டிக்காரர்கள் அதன் நிழலில் மாட்டை அவிழ்க்க மாட்டார்கள். நிலைக்கதவுக்கு அதன் பலகையை யாரும் எடுப்பதில்லை. ஒரு கெட்டவனிடம் பட்டதற்கு இன்னொரு கெட்டவனிடம் போய் நிற்கிற பஞ்சாயத்து இது என்று நினைத்துக்கொண்டேன்.

கால்வாய்க் கரையில் அது மட்டும் நின்றது. இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம், வேர்ப்பக்கம் பலகை பலகையாகப் புடைத்திருந்தது. பட்டை நீலம் கலந்த சாம்பல். வெளிச்சம் இன்னும் இருந்தது, ஆனால் மரத்தடியில் ஏற்கனவே பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. கால்வாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அதன் சத்தம் மரத்தடியில் நின்றால் கேட்கவில்லை. காஜா ஆட்டோக்காரருடன் சாலையிலேயே நின்றுவிட்டார்.

இசக்கிமுத்து செருப்பைக் கழற்றினார். கும்பிட முடியாததால் கைகளை முன்னால் ஏந்தியபடி சுற்றத் தொடங்கினார், எதையோ வாங்க வந்தவரைப்போல. நான் பட்டை மேல் உள்ளங்கையை வைத்தேன். ஈரமாக இருந்தது, ஈரத்துக்கு அடியில் சூடாக இருந்தது. வெயில் பார்த்து இரண்டு நாளான மரம்.

அவர் என் முதுகுப்பக்கமாக முதல் சுற்றில் கடந்தார். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

இது எனக்கு வந்தது என்றேன். இவரை விட்டுவிடு என்றேன். இரண்டும் தெளிவாகவே வந்தன. மூன்றாவது வரவில்லை.

இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. நான் எதையும் நம்பாதவன். நம்பாதவனுக்கு ‘எனக்கே கொடு’ என்பது வெறும் சத்தம். சொல்லிவிட்டுப் போவதில் என்ன நஷ்டம்? ஆனால் என் கண் அவர் ஏந்திப் போகும் கைகள் மேலேயே இருந்தது. ஒவ்வொரு முறை அவர் மரத்துக்குப் பின்னால் மறையும்போதும், மறுபக்கம் வேறு யாராவது வருவார்களோ என்று இருந்தது. அவர் வந்தார். கொப்புளங்கள் வந்தன. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து, ஆறு. எனக்குப் பயமாக இருந்தது. இதைவிட அலங்காரமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாவது சுற்று முடிந்து பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“சொல்லிட்டியளா சார்?”

“சொல்லிட்டேன்.”

மேலிருந்து ஒரு பிஞ்சு என் தோளில் விழுந்து உருண்டது. சாரல் காற்றில் பிஞ்சு உதிரும், அது மரத்தின் இயல்பு. இசக்கிமுத்து அதைப் பார்த்துவிட்டு, “மரம் கேட்டுட்டு” என்று மெல்லச் சொன்னார். அவர் முகம் அன்று முதல் முறையாகத் தெளிந்தது. திரும்பும் வழியில் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். மாப்பிள்ளை ஆலங்குளத்தில் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். நான் ‘உம்’ கொட்டிக்கொண்டு வந்தேன், மறுநாள் காலை பத்தரை வாக்கில் ஊருக்கு வண்டி ஏறுவேன் என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை, காலை 10.20

அன்று விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுக்கப் பார்த்தேன். மகள் வாங்கவில்லை, அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்றாள். தென்காசிப் பேருந்து நிலையத்தில் திருநெல்வேலி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வண்டி எடுக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, கூட்டத்துக்குள் கைகளை நெஞ்சுயரத்தில் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் வருவது தெரிந்தது. யாரும் மோதிவிடக் கூடாதென்று தோளால் வழி விலக்கிக்கொண்டு வந்தார்.

கை கொஞ்சம் வற்றியிருந்தது. போட்ட ஊசி வேலை செய்கிறது என்று நினைத்தேன். அவர் நினைத்தது வேறு. நேற்றுச் சாயங்காலத்திலிருந்தே எரிச்சல் குறைகிறது, நீங்கள் சொன்னதுதான் என்றார். பிறகு கக்கத்தில் இடுக்கியிருந்த ஒரு பொட்டலத்தை ஜன்னலை நோக்கிச் சாய்த்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுத்தேன். பாதி காலியான ஒரு களிம்புக் குழாய்.

“எனக்கு இறங்குதுன்னா உங்களுக்கு ஏறும்லா சார். இன்னைக்கு நாளைக்குள்ள வந்துரும். சொறிஞ்சிராதீய, இதப் போடுங்க. நான் டாக்டர்ட்ட வேற கேட்டு வாங்கிக்கிடுதேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வண்டி நகர்ந்துவிட்டது. நகராவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. அவர் கையசைக்க முடியாமல் தலையை அசைத்து வழியனுப்பினார்.

திருச்சியில் எங்கள் தெருவில் இரண்டு வேம்பும் ஒரு புங்கமும் நிற்கின்றன. ஆட்டோக்காரர்கள் அடியில் படுத்துத் தூங்குகிறார்கள். யாரும் அவற்றிடம் எதையும் சொல்லத் தேவையில்லை. வந்து பன்னிரண்டு நாளாகிறது. தினமும் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். விரலிடுக்கில் ஒரே ஒரு கொப்புளம் வந்தால்கூடப் போதும் என்று இருக்கிறது. இன்றும் ஒன்றும் வரவில்லை.